மாமா சொன்ன திங்கட்கிழமை

எங்கள் வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் அம்மா முதலில் நெஞ்சில் கையை வைப்பார், பிறகுதான் எடுப்பார். தொண்ணூறுகளில், சண்டை நடந்த எங்கள் ஊரிலிருந்து எப்படிப்பட்ட செய்திகள் வந்தன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஓர் ஒக்டோபர் மாதத்தில் மட்டும் எல்லாம் தலைகீழாக நடந்தது. மணி அடிக்கவில்லையே என்று அம்மா நாள் முழுக்க நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

இத்தாலியில், பலேர்மோ நகரின் ஒரேத்தோ பக்கம் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. அப்பா ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். அம்மா வீடுகளைத் துப்புரவாக்கப் போனார். சித்தி கால்சாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த வயதான இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் சமையல். சித்திக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது, கலியாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு அது தொண்டையில் சிக்கிய மீன்முள். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. நல்லநாள் பெருநாளில் நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருவர் அந்த முள்ளைத் தொட்டுப் பார்ப்பார்.

அப்போதுதான் ரெக்சாஸ் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா ஜேர்மனியில் இருந்தார், அம்மாவோடு படித்தவர். தம்பி அமெரிக்காவின் ரெக்சாஸில் பெற்றோல் நிலையம் ஒன்றில் மனேச்சர், குடிவெறி இல்லை, படத்தைப் பார்த்துச் சித்தியைப் பிடித்துவிட்டது என்று சொன்னார். ஒரு முறை பெண்ணோடு தொலைபேசியில் நேரே கதைத்துவிட்டால் முடிவு சொல்லிவிடுவானாம்.

"அவனுக்கு ஓய்வெண்டதே இல்லை. தாங்ஸ்கிவிங் அண்டைக்குத்தான் லீவு. அண்டைக்குக் காலமை எழும்பினவுடன எடுப்பான். நீங்கள் வீட்டில நில்லுங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். வைத்த பிறகுதான் அப்பாவைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, தாங்ஸ்கிவிங் எண்டால் என்ன?" என்று கேட்டார்.

அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் சமையலறைக் கலண்டரில் நாளுக்கொரு புனிதர் இருந்தார், தாங்ஸ்கிவிங் இல்லை. ஜேர்மனிக்கே திரும்ப எடுத்துக் கேட்கலாம். கேட்டால், அமெரிக்க மாப்பிள்ளை தேடுகிறவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களே! அம்மா வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தில் பிடித்ததுதான் எங்கள் சனி.

மிஞ்சியது மாமா. அம்மாவின் அண்ணன், ரொறன்ரோவில் இருந்தார். அவரிடம் சம்பந்தத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. மாமாவின் காதில் போட்டால் ரொறன்ரோ முழுக்கப் போட்ட மாதிரி. தவிரவும், முன்பு வந்த ஒரு சம்பந்தத்தை மாமா குறுக்குக் கேள்வி கேட்டே குலைத்திருந்தார். ஆகவே அம்மா சும்மா சுகம் விசாரிப்பவர் போல எடுத்து, சுற்றி வளைத்து, "அண்ணை, அங்கை ஏதோ தாங்ஸ்கிவிங் எண்டு வருமாமே?" என்று கேட்டார்.

மாமாவின் குரல் கேட்க இரண்டாவது கருவி தேவையில்லை. குசினிவரை கேட்கும்.

"வாற திங்கள்தானே பிள்ளை! எங்கட வீட்டில வான்கோழி. வெள்ளையள் சும்மா சுட்டுத் தின்னுவினம், வைக்கல் மாதிரி. நான் எங்கட மிளகாய்த்தூளைப் பூசித்தான் அவண் அடுப்புக்குள்ள தள்ளுறனான். பக்கத்து வீட்டு நியூபவுண்லாந்துக்காரன் அண்டைக்கும் உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோவாவும்தான் அவிப்பான். மொன்றியலில இருக்கிற மச்சான் பகுதி இந்த நாளைக் கணக்கே எடுக்காது. அங்கை பிரெஞ்சுக்காரருக்கு யேசு பிறந்த நத்தாருக்குத்தான் கொண்டாட்டம், இறைச்சியை அரைச்சு மாவுக்குள்ள வைச்சுச் சுடுவினம். வான்கூவர்க்காரர் எண்டால் சமன் மீன்..."

அம்மாவுக்குத் திங்கள் என்ற ஒரு சொல்லோடு காது அடைத்துவிட்டது. மற்றதெல்லாம் நான் கேட்டவை. ஒரு நாட்டுக்குள் ஒரு பண்டிகைக்கு இத்தனை சாப்பாடா என்று எனக்கு நாக்கில் நீர் ஊறியது.

"அது கனடா. இவர் இருக்கிறது அமெரிக்காவெல்லோ?" என்று சித்தி மட்டும் மெதுவாகக் கேட்டார்.

அப்பா சிரித்தார். "எல்லாம் ஒரே நிலம்தானே. எங்கட ஊரில திருநெல்வேலிக்கு ஒரு பொங்கல், பக்கத்துக் கோண்டாவிலுக்கு வேற பொங்கலோ?"

அம்மா கலண்டரில் அந்தத் திங்கட்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார்.

அந்தத் திங்கட்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகவில்லை. எனக்கும் பள்ளி இல்லையென்று அம்மாவே முடிவு செய்தார். வீட்டைக் கழுவித் துடைத்து, தொலைபேசிக்குக்கூட ஈரத்துணி போட்டார். சித்தியை முழுகவைத்து, மாம்பழ நிறச் சேலை உடுத்தி, தன் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

"ரெலிபோனுக்குள்ளால சேலை தெரியாது அக்கா."

"குரலில தெரியும். பேசாமல் இரு."

அங்கே காலை என்றால் இங்கே பின்னேரம் என்று அப்பா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். ஆனால் மாப்பிள்ளை ஆவலில் வெள்ளெனவே எழும்பிவிட்டால்? ஆகவே காலையிலிருந்தே காத்திருந்தோம். அப்பா இடைக்கிடை கருவியைத் தூக்கி, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். "விசரே உங்களுக்கு? அவர் இப்ப அடிச்சால் என்ன செய்யிறது?" என்று அம்மா பாய்ந்தார். கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்ததற்கு நாலு பேரும் எழும்பி நின்றோம்.

நான் சித்தியோடுதான் படுப்பேன். அழைப்பு வந்தால் சித்தி ரெக்சாஸ் போய்விடுவார். வராவிட்டால் அம்மா அழுவார். இரண்டையும் என்னால் தாங்க முடியாது. மணி அடிக்க வேண்டும் என்று பிள்ளையாரிடமும், அடிக்கக்கூடாது என்று எங்கள் பள்ளி வாசலில் நின்ற மாதாவிடமும் கேட்டேன். இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

பின்னேரம் மணி அடித்தது. அம்மா சித்தியைத் தள்ளி, பிறகு தன்னிடமே இழுத்து, கடைசியில் தானே எடுத்தார்.

"பிள்ளை! ஹப்பி தாங்ஸ்கிவிங்!" என்றது மாமாவின் குரல்.

ஐயோ, அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாமா வான்கோழியைக் கழுத்திலிருந்து வால்வரை வர்ணித்தார். பூசணிக்காயை இனிப்பாக்கி வெள்ளைக்காரன் செய்யும் பணியாரத்துக்கு வந்தார். "அண்ணை, அடுப்பில பால்" என்றார் அம்மா. "பாலை இறக்கிப்போட்டு வா, நான் நிக்கிறன்" என்றார் மாமா. அம்மா காலைத் தரையில் உதைத்தார். அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெக்சாஸிலிருந்து அடிக்கிறவனுக்கு லைன் பிசி என்ற ஒலி கேட்குமே, இவர்களுக்கு இன்றைக்கும் ஊர்க்கதையா என்று நினைப்பானே!

மாமா வைத்த பிறகு மணி அடிக்கவே இல்லை. இருட்டும்போது அம்மா சித்தியின் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றினார். கழற்றும்போதே அழத் தொடங்கிவிட்டார். சித்தி அழவில்லை. சேலையை மடித்து வைத்துவிட்டு வந்து, சோறும் சொதியும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். துக்கத்தில் சிலருக்குப் பசிக்கும் என்று நான் அன்றைக்கு அறிந்துகொண்டேன்.

"ஜேர்மனிக்கு ஒருக்கா எடுத்துக் கேப்பமே?" என்றார் அப்பா.

"நாங்கள் வலியப் போய்க் கேக்கிறதோ? சொன்ன நாளில எடுக்காதவனிட்டை என்ன மரியாதை?" என்றார் அம்மா. எங்கள் ஆட்களுக்குச் சோற்றில் உப்புக் குறைந்தாலும் ரோசம் குறையாது.

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கப்பல் மாமா மீனோடு வந்தார். நாப்போலிக்குப் போகிற கப்பலின் சமையல்கட்டில் வேலை செய்த மன்னார்க்காரர், அப்பாவின் கூட்டாளி. நான் வைத்த பெயர்தான் கப்பல் மாமா. "தங்கமான பிள்ளை, என்ன செய்யிறது, வேதக்காரன்" என்று அம்மா அவரைப் பற்றிச் சொல்லாத வாரம் இல்லை. கிறிஸ்தவரான வேதக்காரர் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரலாம், மாப்பிள்ளையாக வரமுடியாது. அன்றைக்கு அவர் ஏதோ பகிடி சொல்ல, மீன் செதில் உரித்துக்கொண்டிருந்த சித்தி வாய்விட்டுச் சிரித்தார். பாவம், கவலையை மறைக்கிறாள் என்று அம்மா என் காதில் சொன்னார்.

நவம்பர் பிறந்து, செத்தவர்களின் திருநாள் வந்தது. சித்தி வேலை செய்த சிஞ்ஞோராவின் தங்கை அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்டவர், பொஸ்ரனில் இருந்தார். தன் தாய் தகப்பனின் கல்லறைக்குப் பூ வைக்க வந்திருந்தார். பள்ளி முடிந்து நானும் சித்தியோடு அங்கே போயிருந்தேன். எனக்குக் கள்ளிப்பழம் போலச் செய்த பாதாம் இனிப்பு ஒன்று கிடைத்தது. நான் நிலத்தில் இருந்து அதை நக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொஸ்ரன் அம்மா தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்கு எந்த மொழியிலும் ஒரே குரல்தான். ரிங்ராட்சியாமெந்தோ என்ற பண்டிகைக்கு முன் திரும்பிப் போகாவிட்டால் மருமகள் அடுப்பைப் பிடித்துவிடுவாளாம். இவர் வான்கோழியின் வயிற்றுக்குள் கோதுமைப் பாண் ரொட்டியும் சிப்பியும் வைப்பாராம். மருமகள் ரெக்சாஸ்காரி, சோளமாப் பாணை உதிர்த்து அடைப்பாளாம். இவர் புளிப்புப் பழத்தில் பாகு காய்ச்சினால் அவள் பச்சை மிளகாய் போடுவாளாம். பூசணிப் பணியாரம் இருக்கும் மேசையில் அவள் வேறு ஏதோ கொட்டைப் பணியாரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாளாம்.

"அது எப்போது வரும்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"நவம்பரில், நாலாவது வியாழன்."

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த சித்தி திரும்பினார். சிஞ்ஞோராமாரின் கதைக்குள் சித்தி வாய் வைத்து நான் கண்டதில்லை. "ரெக்சாஸிலுமா?" என்று தன் உடைந்த இத்தாலியத்தில் கேட்டார்.

"அமெரிக்கா முழுக்க, மகளே. கனடாக்காரர்தான் ஒக்டோபரிலேயே முடித்துவிடுவார்கள். அங்கே அறுவடை முந்தி."

சித்தி துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தார்.

எனக்கு ரிங்ராட்சியாமெந்தோ தெரியும். பள்ளியில் பாதிரியார் பேசி முடிக்கும்போது வருகிற நன்றிச் சொல். மாமாவின் தாங்ஸ்கிவிங்கும் தெரியும். ஒன்று இத்தாலியப் பெட்டியில் இருந்தது, மற்றது தமிழ்ப் பெட்டியில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியில் பேருந்தில், "மாமாவும் வான்கோழிதானே சாப்பிட்டவர் சித்தி? அந்தப் பக்கத்து ஆக்கள் எல்லாத்துக்கும் வான்கோழிதான் சாப்பிடுவினமோ?" என்று கேட்டேன்.

"ஓமடி" என்றார். என் கையை நோகும்படி பிடித்திருந்தார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கி, திரும்ப நடந்தோம்.

அதன்பிறகு சித்தி சித்தியாக இல்லை. சோற்றைக் கரிக்கவிட்டார். கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். இரவு பக்கத்தில் படுத்தால் புரண்டுகொண்டே இருந்தார். "அந்தப் பாழ்படுவானை நினைச்சு ஏங்குறாள்" என்று அம்மா அவரைக் கட்டிப்பிடித்தார். ஒருநாள் சித்தி, "அக்கா, ஒரு விசயம்" என்று தொடங்கினார். "என்னடி?" என்று அம்மா கரண்டியோடு திரும்பினார். சித்தி சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஒண்டுமில்லை, மீனுக்குப் புளி காணுமோ?" என்றார்.

நவம்பரின் அந்த நாலாவது வியாழக்கிழமை வயிற்றுவலி என்று சித்தி வேலைக்குப் போகவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள், அவர்களுக்கு அது வெறும் வியாழக்கிழமை. நான் பள்ளியால் வந்தபோது சித்தி தலை வாராமல், வீட்டுச் சட்டையோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். எனக்குச் சோறு போட்டார், தான் சாப்பிடவில்லை. வயிற்றுவலி கூடிவிட்டதோ என்று பயந்து, "அம்மாவுக்கு அடிக்கட்டோ?" என்று கேட்டேன்.

"அதைத் தொடாதை" என்றார். சித்தி என்னோடு அப்படிக் கடுமையாகக் கதைத்ததே இல்லை.

பின்னேரம் மணி அடித்தது. நான் வழக்கம்போல ஓடினேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து மடியோடு இழுத்துக்கொண்டார்.

"விடு. பிழையான நம்பர்."

அது அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. திரும்பவும் அடித்தது. சித்தியின் இதயம் என் முதுகில் இடித்தது. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. மூன்றாம் முறை அடித்து நின்ற பிறகு, வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. சித்தி எழும்பிக் குசினிக்குப் போய், பானையிலிருந்த ஆறின சோற்றை நின்றபடியே கையால் அள்ளிச் சாப்பிட்டார். கண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது.

ஜேர்மனிக்காரியும் ரோசக்காரிதான், அதற்குப் பிறகு எங்களோடு கதைக்கவில்லை. இன்றைக்கும் அம்மா, "சொன்ன நாளில எடுக்காமல் ஏமாத்தினானே அந்த ரெக்சாஸ்காரன்" என்று தொடங்குவார். மேசைக்கு அந்தப் பக்கம் சித்தி தலை நிமிராமல் கப்பல் மாமாவின் சோற்றுக் கோப்பைக்கு மீன்குழம்பு விட்டுக்கொண்டிருப்பார். அவர்களுடைய கலியாணத்துக்கு அம்மா ஒரு மாதம் அழுதார். பிறகு மீன் இல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வியாழன் மாலை அம்மா வேலையால் வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "ஆரும் எடுத்தவையோ?" என்று கேட்டார். நாளாந்தம் கேட்கும் கேள்விதான்.

சித்தி என்னைப் பார்த்தார். நான்தான் முந்திக்கொண்டேன். "ஓம் அம்மா, கனதரம் அடிச்சது. பிழையான நம்பர்."

சித்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கருவியைத் தூக்காமலே அது பிழையான நம்பர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.