ஸ்டூல் கேட்ட மல்லிகாவும் ஓர் ஆங்கில வினைச்சொல்லும்

சென்ற வாரம் ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்குப் போனேன். எனக்குக் குஷன் நாற்காலி தந்தார்கள். பக்கத்து நாற்காலியில் என் கைப்பை அமர்ந்தது. எதிரே புடவை விரித்த பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்க்கா" என்றாள். புதுப்பட்டின் வாசனையோடு அந்தச் சொல்லும் வந்ததும் என் பழைய கோபம் திரும்பிவிட்டது.

பட்டம் வாங்கியதும் நான் வேலைக்குச் சேர்ந்தது இதே கடையில்தான். அப்போது தரை முழுக்க வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை. வாங்குபவரும் விற்பவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் எதிரெதிரே சம்மணமிட்டிருப்போம். பேரம் முற்றினாலும் முகங்கள் ஒரே மட்டத்தில் இருக்கும். பிறகு கண்ணாடி மேசைகள் வந்தன. வாடிக்கையாளருக்கு நாற்காலி, எங்களுக்கு நிற்க வேண்டும் என்ற விதி.

தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் மல்லிகா அப்போது ஏழு மாத கர்ப்பிணி. ஒரு ஸ்டூல் கேட்டாள். மேனேஜர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "கஸ்டமர் எதிர்ல நீ உக்காந்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோமா."

ஆங்கில இலக்கியம் படித்தவள் வேறென்ன செய்வேன்? வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். அநீதியை எதிர்க்க என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அது. அந்த வினையின் வேர், 'அருகில்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லாம். விலகியிருக்கும் இரண்டை அருகே கொண்டுவந்து பொருத்துவது. அப்படியானால் இரு பக்கமும் நகரலாமே! எங்கள் ஊரிலோ அந்தச் சொல் மேலிருந்து கீழே மட்டுமே இறங்கும். முதலாளியிடம் அதைச் சொன்னவர் எவருமில்லை.

மறுநாள் நான் முதலாளியிடமே சொன்னேன். "ஒரு ஸ்டூல்தானே சார், நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." கடையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவர் சிரித்தார், பி.ஏ. படித்தால் வாய் இப்படித்தான் நீளும் என்றார். ஸ்டூல் வரவில்லை.

அன்று மாலை மல்லிகாவின் வீங்கிய பாதம் செருப்பில் நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறினாள். "வுடுக்கா, பேஜாரு. எவ்ளோதான் அட்ஜஸ்ட் பண்றது, காலு ரெண்டுதானே கீது." அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவளாகவே வேலையை விட்டுவிட்டாள் என்று மேனேஜர் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றி எரிகிறது.

அந்த மெத்தைகள் என்னவாயின என்று, சென்ற வாரம் புடவை விரித்த இந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான நாற்காலியைக் காட்டினேன்.

அவள் தலைக்கு மேலிருந்த கேமராவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுத்த புடவையை விரித்தாள்.