ராஜாவுக்கு ருசி பார்ப்பவள்

பெர்பெத்துவாவுக்குப் பயப்படாதவர்கள் அந்தக் கத்தோலிக்கப் பங்கில் இரண்டே பேர். ஒருவர் பீடத்துக்கு மேலே சிலுவையில் இருந்தார். இன்னொருத்தி அப்பொலோனியா.

பதிவேட்டில் பெர்பெத்துவாவின் பெயர் மா தொக்சுன். தென்கொரியாவின் கோஹுங் கடற்கரையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஞானஸ்நானப் பெயரான பெர்பெத்துவா என்றால் போதும், கோவில் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். வயது அறுபத்து நான்கு. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஏழு வீட்டுக்குக் கேட்கும். பத்தொன்பது வருடமாகச் சமையலறைத் தலைமை அவளுடையது. யாராவது முள்ளங்கியைத் தடிமனாக நறுக்கினால், "என்ன பிள்ளை, விறகா பொளக்குற?" என்று பின்னாலிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்தே அந்த ஊர் மருமகள்கள் நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நவம்பர் கடைசியில், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்திய வாரம், கோவில் முற்றத்தில் நானூறு முட்டைக்கோஸ் கிம்ச்சி ஊறுகாயாகும். பங்குக்காரர்கள் வீட்டுக்கு ஒரு இலைகூடப் போகாது. தனியாக இருக்கிற கிழவர் கிழவிகள், படகு வேலைக்கு வந்து ஒண்டுக் குடித்தனம் இருக்கிற வெளிநாட்டுப் பையன்கள் என்று எழுபத்து மூன்று வீடுகளுக்கு அது போகும். குளிர்காலம் முழுக்க அவர்கள் சோற்றுக்கு அதுதான் துணை.

இந்தக் காரியத்தில் பெர்பெத்துவாவுக்குத் தனி ஞானோபதேசம் உண்டு. போன வருடம் புதிதாக வந்த பங்குக் குரு பெக் சாமி, ஏற்கெனவே உப்பில் ஊறவைத்த கோஸ் கடையில் கிடைக்கிறதே, வாங்கிவிட்டால் வேலை மிச்சம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"சாமி, அந்தக் காலத்துல நம்ம கரையிலேருந்து அரண்மனைக்கு மீன் போச்சு, சிப்பி போச்சு. ரெண்டாந்தரத்த அனுப்புனா தலை இருக்குமா?"

"இது அரண்மனைக்கு இல்லையே, அம்மா."

"பின்ன? நம்ம ராஜா எங்க இருக்காராம்? பசியா இருந்தவன் நான்தான்னு அவரே சொல்லிட்டுப் போகலையா? ராஜா வாய் வைக்கிறதுக்கு முந்தி ருசி பாக்க அரண்மனையில ஒருத்தி இருப்பாளே, டிவில பாத்ததில்லையா நீங்க? அவதான் நான். ஞானஸ்நானத்துல எண்ணெய் பூசி என்னையும் அரச குலம்னு சொன்னது உங்க சபைதானே!"

பெக் சாமி ஏழு வருடம் இறையியல் படித்தவர். அன்றைக்கு அவரே கையை மடித்துவிட்டுக்கொண்டு உப்பு மூட்டையைத் தூக்கிவந்தார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது நாக்கையும் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. உப்பு இல்லை, புளிப்பு இல்லை, கருவாட்டு வாசனைகூட இல்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷன் யோவாக்கிம் அவள் வைத்த கடற்பாசி சூப்பைக் குடித்துவிட்டு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது மாதத்தில் மாறாமல் இருந்தது நற்கருணை அப்பம் ஒன்றுதான். அதற்கு முன்பும் ருசி கிடையாது, இப்போதும் கிடையாது. நாக்கில் அதை வாங்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் அவள் பழைய பெர்பெத்துவாவாக இருந்தாள்.

கை பழக்கம் இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று எண்ணித்தான் புதன்கிழமை தொட்டிகளில் உப்புத் தண்ணீர் கரைத்தாள். வழக்கம்போல விரலை முக்கி நாக்கில் வைத்தாள். வெறும் தண்ணீர். கை தானாக இன்னும் நான்கு பிடி அள்ளிப் போட்டது. போட்ட பிறகுதான், ருசி தெரியாத நாக்கை நம்பிப் போட்டுவிட்டோமே என்று உறைத்தது. முற்றம் நிறையப் பெண்கள். எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை காலை கோஸ்களைக் கழுவி வடியவைத்தார்கள். மிளகாய்ப் பொடி, முள்ளங்கி, நெத்திலியைப் புளிக்கவைத்த சாறு, உப்பில் ஊறிய சென்னாகுன்னி இறால் எல்லாம் போட்டு மசாலா பிசைந்தாயிற்று. அதிலும் அவள் கை கொஞ்சம் தாராளமாகத்தான் போனது. இனி ருசி பார்க்கிற சடங்கு. கோஸின் மஞ்சள் உள் இலையைக் கிழித்து, மசாலாவை வைத்துச் சுருட்டி, மூத்தவள் தன் கையாலேயே ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டுவாள். அவள் சரி என்றால் சரி; மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்த வருடம் அவள் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். முதலில் பெக் சாமிக்கு ஊட்டினாள்.

சாமியின் கண் ஒரு கணம் பெரிதாயிற்று. "அருமை, அம்மா."

அடுத்தவள் மென்றாள், விழுங்கினாள். "அளவா இருக்கு, அக்கா." அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். நான்கு பேர், ஐந்து பேர். பெர்பெத்துவாவுக்கு மூச்சு வந்தது.

கடைசியில் அப்பொலோனியா. சியோலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, பதினொரு வருடம் முன்பு இந்த ஊருக்கு வந்தவள். வந்த நாள் முதல் இரண்டு பேருக்கும் நெத்திலிச் சாறு பற்றி ஓயாத சண்டை. பதினொரு வருடமும் அந்த இலையை மென்றுவிட்டு அவள் ஏதாவது ஒரு குறை சொல்லாமல் விட்டதில்லை. காரம் போதாது என்பாள், சாறு நாற்றம் என்பாள், வடக்கே சியோலில் இப்படியா செய்வார்கள் என்பாள். "அப்ப வடக்கேயே போய்த் தின்னு, வாத்தியாரம்மா" என்று இவள் பதில் கொடுப்பாள். அது இல்லாமல் கிம்ச்சி வேலை ஆரம்பமாகாது.

அப்பொலோனியா மென்றாள். வெகு நேரம் மென்றாள். பிறகு பெர்பெத்துவாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"சரியா இருக்கு அக்கா. ஒரு குறையும் இல்ல."

பெர்பெத்துவாவுக்குப் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். தன் மானத்தைக் காப்பாற்ற இந்தச் சண்டைக்காரி பொய் சொல்கிறாள்! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், இந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

"இருங்க, வந்துர்றேன்" என்று ரப்பர் கையுறையோடு கோவிலுக்குள் போனாள். நெற்றிக்கு மேல் அரசர் என்று எழுதின பலகையும் முள்முடியுமாக அவர் அங்கே சிலுவையில் இருந்தார். வருடா வருடம் பெரிய வெள்ளி வாசகத்தில் கேட்கிறதுதான்: தாகமாக இருந்தவருக்குப் புளித்த காடியைக் கொடுத்தார்கள், அவர் வாங்கிக்கொண்டார். அரண்மனையில் கசப்போ விஷமோ முதலில் வேலைக்காரி வாய்க்குப் போகும், ராஜா தப்பித்துக்கொள்வார். இந்த ராஜா முந்திக்கொண்டு தானே குடித்துவிட்டார். நீ ராஜாவா என்று விசாரணையில் கேட்ட ஆளுநரிடமும் உண்மையைத்தான் சொன்னார், சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தே.

"நீங்க எதக் குடுத்தாலும் சாப்பிடுவீங்க, எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தாள். "அதனால எதையும் குடுத்துரலாமா?"

கண்ணைத் துடைக்கலாமென்றால் கையெல்லாம் மிளகாய். அப்படியே வெளியே வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு நாக்கு செத்துப் போச்சு. பிப்ரவரியிலேருந்து ஒரு ருசியும் தெரியல. நேத்து உப்பக் கண்ணு மண்ணு தெரியாமக் கொட்டிட்டேன். இது உப்புக் கரிக்குதா இல்லையா? ஒருத்தராவது உண்மையச் சொல்லுங்க."

பெரியவள் முகத்துக்கு நேரே குறை சொல்லி அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. சாமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பொலோனியாதான் வாயைத் திறந்தாள். "உப்பா? என் வாய் வெந்து போச்சு! கடல் தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்கு. ஏன்க்கா, ஒன்பது மாசமாவா மூடி வச்சிருந்தீங்க? நீங்கள்லாம் ஒரு மனுஷியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஈஸ்டருக்கு அவிச்ச முட்டை அழுகியிருந்துச்சு. நீங்க பாட்டுக்குத் தின்னீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், பெர்பெத்துவாவும்தான், கண்ணில் நீர் வழிய வழிய. அதற்கு மேல் நிற்க நேரமில்லை. கோஸ்களை மறுபடி இரண்டு தண்ணீரில் அலசினார்கள். மசாலாவுக்கு இன்னும் முள்ளங்கி, பேரிக்காய், கஞ்சி என்று சேர்த்தார்கள். சேர்க்கிற ஒவ்வொரு முறையும் அப்பொலோனியா ருசி பார்த்தாள். தொட்டி தேய்க்கிற இடத்தில், புது மருமகள்கள் உட்காருகிற தாழ்ந்த முக்காலியில், பெர்பெத்துவா உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருங்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு அவித்த பன்றிக்கறி வந்தது. புதுக் கிம்ச்சியில் சுற்றிய முதல் வாய் எப்போதும் சாமிக்குத்தான். அப்பொலோனியா சுற்றினாள், சாமியைத் தாண்டிப் போனாள், ஈரத் தரையில் முக்காலிக்கு முன்னால் குந்தினாள்.

"வாயத் தொறங்க, அக்கா."

பெர்பெத்துவா வாங்கிக்கொண்டாள். முற்றம் அவள் வாயையே பார்த்தது.

"சூடா இருக்கு" என்றாள் அவள். "கறி மெத்துன்னு இருக்கு. கோஸ் நறுக்குன்னு இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியல. நீ சொல்லு."

"உப்பு அளவு. காரம் ஒரு பிடி தூக்கல். கடைசியில ஒரு இனிப்பு வருது." அப்பொலோனியா தானும் ஒரு துண்டைக் கிள்ளி மென்றாள். "சாறு மட்டும் வழக்கம்போல நாத்தம்."

"அப்ப..." பெர்பெத்துவா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ராஜாவுக்கு அனுப்பலாமா?"

பத்தொன்பது வருடத்தில் அவள் இன்னொருத்தியிடம் அதைக் கேட்டது அன்றுதான்.

"அனுப்பலாம், அக்கா" என்று அப்பொலோனியா கை கொடுத்து அவளை எழுப்பினாள். இருவருமாக முதல் டப்பாவை நிரப்பப் போனார்கள்.