நான் கேட்ட டைட், அவன் சொன்ன டைட்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பிரேக் பிடித்தபோது என் டூரிங் பைக்கின் முன்பக்கம் அப்படியே குனிந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் என்ன என்று அப்போதே தோன்றிவிட்டது.

அடுத்த ஞாயிறு, தண்டையார்பேட்டையில் நண்பன் சேவியர் வீட்டு வாசலில் நாங்கள் இருவருமே ஸ்பிரிங்கை மாற்றினோம். ஃபோர்க்கை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகள் அவன் பொறுப்பு. கை கழுவிக்கொண்டே, "டைட்டா கீதா மச்சான்?" என்றேன்.

ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தவன், "செம டைட்டு மாமு, கல்லு மாரி கீது" என்றான்.

நான் கேட்டது போல்ட்டை. அவன் சொன்னது ஸ்பிரிங்கை.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் தாண்டிப் பிரேக் பிடித்தேன். போல்ட் முறுக்காத ஒரு பக்க ஃபோர்க் கிளாம்புக்குள் வழுக்கி மேலேறியது. ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், முன்னால் போன ட்ரெய்லர் லாரியின் பின்பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றோம். பயம்கூட வரவில்லை. அதன் டயரில் அப்பியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ போல்ட்டயா கேட்ட?" என்றான் சேவியர்.

இப்போதெல்லாம் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் அடையாளத்துக்குப் பெயின்ட்டால் கோடு போடுகிறேன். 'டைட்டா' என்று கேட்பதில்லை. 'முறுக்கினியா' என்றுதான் கேட்கிறேன். வரும் ஞாயிறு ஃபோர்க்கை மறுபடி மாட்டி, லாரி வராத எங்கள் தெருவிலேயே பிரேக் பிடித்துப் பார்க்கப் போகிறேன். சேவியர் கூடவே நடந்து வருகிறானாம்.