அறுபத்தோராம் பக்கம்

கார் நிக்கோபார் தீவின் துறைமுகத்தில் கப்பல் அறிவிப்புப் பலகை எழுதுவது இராமகிருஷ்ணன் அண்ணனின் வேலை. கடல் சரியில்லை என்றால் ‘புறப்பாடு ஒத்திவைப்பு’ என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டு, நம் ஆட்களுக்காகக் கீழே தமிழிலும் ஒரு வரி எழுதுவார். பக்கத்துக் கவுண்டரில் டிக்கெட் கொடுப்பவன் நான்.

அவர் மனைவி வைஜெயந்தி அக்கா அஞ்சல்வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தார். பின்நவீனத்துவம் பற்றிய ஒரு தடிமனான தமிழ்ப் புத்தகத்திலிருந்து, சோறு போடும்போதெல்லாம் எதையாவது சொல்ல ஆரம்பிப்பார். “அப்புறம் சொல்லும்மா, இப்ப குழம்பை ஊத்து” என்பார் அண்ணன். கூட உட்கார்ந்து சிரித்தவன்தான் நானும். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன ஜூலையில் அக்காவுக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மழையில் ஹெலிகாப்டர் கிடையாது. கப்பல் மூன்று தடவை தள்ளிப்போனது. மூன்று தடவையும் பலகையில் எழுதியது அண்ணன்தான். நாலாம் நாள் கப்பல் வந்தபோது அக்கா இல்லை.

காரியம் முடிந்து அண்ணன் அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். அறுபத்தோராம் பக்க ஓரத்தில் பென்சிலில் அக்காவின் எழுத்து: ‘இது அவருக்குப் புரியும்.’ பத்துத் தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. பத்தாவது ஃபெயிலான மனிதர், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

எப்படிப் படிப்பது என்று முதல் தாளிலேயே அக்கா தனக்காகக் குறித்து வைத்திருந்தார். புரியாத வரியோடு மல்லுக்கட்டாதே, கோடு போட்டுவிட்டு நகரு. தெரிந்த சொல் வந்தால் நில். வீட்டிலிருந்து ஓர் உதாரணம் தேடு.

கப்பல் இல்லாத நாட்களில் அண்ணன் கவுண்டரில் உட்கார்ந்து அப்படியே படித்தார். “க்யா பண்டித்ஜி, பரீட்சையா?” என்று லோடர்கள் கிண்டலடித்தார்கள்.

“வைஜெயந்தி ஒண்ணு சொல்ல வந்தா. என்னன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்பார்.

ஏழு மாதம் கழித்து, நேற்று, அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்கும் வாசித்துக் காட்டினார். எந்தச் சொல்லும் பொருளை முழுதாகக் கொண்டுவந்து இறக்குவதில்லை. அடுத்த சொல்லைக் கைகாட்டுகிறது, அது இன்னொன்றை. பொருள் ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே போகிறது.

“ஒத்திவைப்பு. நம்ம போர்டுல எழுதுற அதே வார்த்தை. அதான் எனக்குப் புரியும்னு எழுதியிருக்கா.” புத்தகத்தை மூடினார். “படுத்துக்கிட்டே இதைச் சொல்ல வந்தா தம்பி. ‘ஹாஸ்பிடல் போயிட்டு வந்து சொல்லு’ன்னுட்டேன். கப்பலைக் கடல் தள்ளிப்போட்டுச்சு. இவளைத் தள்ளிப்போட்டது நான்தான்.”

 

மதியம் காற்று ஏறியது. கப்பல் இல்லை என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. அண்ணன் ஹிந்தியில் எழுதினார், ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் வரிக்குக் கை எழவில்லை. சாக்பீஸை வாங்கி நான் எழுதினேன்.