கங்கம்மாவின் மீசை

என் அத்தைக்கு ஒரே ஒரு சிநேகிதிதான் இருந்தாள். அவள் கல்லாக இருந்ததை அத்தை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

மேனாம்பேட்டில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், புதிதாக எழும்பிய ஃபிளாட்டுகளின் மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் அடியில் இடுப்புயரத்துக்கு ஒரு கல். கங்கம்மா என்போம். பூசாரி கிடையாது. மஞ்சள் பூசுவது, கண்ணாடி வளையல் சாத்துவது, ஆடியில் கூழ் ஊற்றுவது எல்லாம் அத்தையின் பொறுப்பு. அம்மன் புடவையை அவிழ்க்கக் கூடாது என்பது தெருவின் வழக்கம். அதனால் ஒவ்வோர் ஆடிக்கும் பழைய புடவையின் மேலேயே புதியதைச் சுற்றிவிடுவார். கங்கம்மா ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போனாள்.

மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிற மனிதர். அத்தை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போய், விளக்கேற்றிவிட்டு, கல்லருகே குனிந்து நெடுநேரம் முணுமுணுப்பார். போகும்போது அழுது வீங்கியிருக்கும் முகம், திரும்பும்போது தெளிந்திருக்கும். எனக்குப் பஜ்ஜியும் வாங்கித் தருவார். கங்கம்மாமேல் எனக்கு அபார பக்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் தோள்பையுமாக ஒரு கூட்டம் தெருவுக்குள் வந்தது. மரபு நடையாம். பழைய கோயில், ஏரி, கல்வெட்டு என்று ஊர் ஊராக நடந்து பார்க்கிறவர்கள். முன்னால் வந்தவர் முகப்பேரில் குடியிருந்த மதுரைப் பக்கத்து அக்கா, தொல்லியல் படித்தவர். புடவைக்கு வெளியே துருத்திய கல்லின் ஓரத்தைத் தடவிப் பார்த்தவர், புடவையை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். தெருவே அத்தையைப் பார்த்தது.

"நீங்க சொன்னாத்தான் தொடுவோம்க்கா. வேண்டாம்னா கிளம்பிர்றோம்" என்றார் அந்த அக்கா. எதற்கும் அத்தையிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. அத்தை உருகிப்போனார். ஆனாலும் குனிந்து கங்கம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சரின்ட்டா. ஆனா ஆம்பளைங்க அல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கினு நில்லுங்க."

நானும் அம்மாவும் போர்வையை மறைப்பாகப் பிடித்தோம். தொப்பிக்காரர்களும் மாமா உட்படத் தெரு ஆண்களும் மரியாதையாக மெயின் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். புடவைகள் வந்துகொண்டே இருந்தன. அப்புறம் தண்ணீர் ஊற்றி, அப்பிக் கிடந்த மஞ்சளை மெல்லக் கழுவினார்கள். முதலில் ஒரு வில் தெரிந்தது. கங்கம்மா வேட்டைக்குப் போவாள் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டேன். அடுத்ததாக முறுக்கு மீசை வந்தது.

போர்வைக்கு உள்ளே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அக்காதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் திரும்பிக்கலாம். இவர் ஆம்பளதான்" என்றார்.

தெரு சிரித்த சிரிப்பில் ஃபிளாட்டு பால்கனிகளில் எல்லாம் தலைகள் முளைத்தன. ஈரக் காகிதத்தை ஒட்டி, மை தட்டி, கல்லின் எழுத்தைப் படியெடுத்து அக்கா வாசித்துச் சொன்னார். ஊர் மாடுகளை ஓட்டிப் போனவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனாம். அவனுக்காக ஊரார் வைத்த நடுகல்லாம். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தை மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ, இத்தினி வருசமா ஒரு ஆம்பளையாண்டயா அல்லாத்தயும் சொல்லிக்கினு இருந்தேன்!"

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் போகவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. காரணமே இல்லாமல் பாத்திரங்கள் உருண்டன. பஜ்ஜி போயிற்றே என்று எனக்கு ஒரே துக்கம். அத்தையின் முகத்தைப் பார்த்தால் அதை வெளியே சொல்லவும் மனம் வரவில்லை.

மறு ஞாயிறு அந்த அக்கா, எடுத்த படியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அத்தையிடம் கொடுக்க வந்தார். அத்தை அதை வாங்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நான் சொன்னதெல்லாம் அவரு மனசுல வெச்சுக்குவாரா? பொம்பள ஊட்டுக் கதயெல்லாம் கீது அதுல."

"ஊருக்காக உசுரையே குடுத்தவர்க்கா. உங்களையா காட்டிக் குடுக்கப் போறாரு?"

அத்தை சற்று யோசித்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், பீரோவிலிருந்து மாமாவின் பட்டுக்கரை வேட்டியோடு வெளியே வந்தார்.

"அது என் வேட்டிடி!" என்று பதறினார் மாமா.

"இருக்கட்டும். நான் பேசப் பேச இத்தினி வருசம் கேட்டுக்கினு இருந்தாரு. ஒரு வாட்டியாச்சும் மூஞ்சத் திருப்பிக்கினாரா? ஊட்லயும்தான் ஒரு ஆம்பள கீறாரு, என்னிக்காச்சும் கேட்டாரா?"

வாசலில் கூடியிருந்த தெரு மறுபடியும் சிரித்தது. மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வீரருக்கு வேட்டி கட்டியாயிற்று. கண்ணாடி வளையல்களை மட்டும் அத்தை எடுக்கவில்லை. இத்தனை நாள் போட்டுப் பழகியவர், கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார். செவ்வாய்க்கிழமைகள் திரும்பி வந்தன. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆனால் மாமாவின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. வேலைவிட்டு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேரே சமையலறை வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவார். அத்தை வெங்காயம் அரிந்தபடி பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் சிரிப்பார், சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மாமா எழுந்திருக்க மாட்டார், குறுக்கே பேச மாட்டார், கையிலிருக்கும் காபி ஆறிப் போகும். வேட்டிக்காகச் சண்டை போட்டதற்கு அத்தை கொடுத்த தண்டனை என்றுதான் நான் நினைத்தேன். பாவம் மாமா, எப்போது விடுதலையோ என்று தினமும் கவலைப்பட்டேன்.