சித்திரை ஐந்து, பெண் குழந்தை

நாகஜோதி அக்கா காலையில் கண்ணை மூடி முணுமுணுப்பதை, சாமி கும்பிடுகிறார் என்றே முதல் ஆறு மாதம் நினைத்திருந்தேன். ஷார்ஜா முவைலாவில் எங்கள் அறையில் நான்கு கட்டில், நான்கு பெண்கள், ஒரே பாத்ரூம். துண்டும் கையுமாக மூன்று பேர் டியூட்டிக்குப் பறந்துகொண்டிருக்கும்போது, பாத்ரூம் வாசலில் ஒருத்தி மந்திரம் சொல்லிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எந்தச் சாமிக்கா இம்புட்டு நீளமா மந்திரம் கேக்குது?"

"மந்திரம் இல்ல பிள்ள. பிறந்த பிள்ளையள்," என்றார்.

பதினேழு குழந்தைகள். 2009இல், வன்னியில் போரின் கடைசி மாதங்களில், பங்கருக்குள்ளும் தறப்பாள் கூடாரங்களிலும் அக்கா பிரசவம் பார்த்துப் பிறந்தவர்கள். நாள், தாயின் பெயர், ஆணா பெண்ணா, கையில் தூக்கி மதிப்பிட்ட எடை. பதிவேடு இல்லாததால் சேலைன் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதி வைத்திருந்தாராம். கடல்நீர் ஏரியைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்தபோது அட்டை கரைந்துபோனது. எழுதினது போனாலும் மனதில் இருந்தது. அதை மறந்துவிடக் கூடாதென்று அன்றிலிருந்து தினமும் ஒருதடவை சொல்லிப் பார்க்கிறார். அதற்குப் பிறகு நான் பாத்ரூம் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது பெரிய விஷயம்.

போர் முடிந்தபின் நான்கு வருடம், திரும்பி வந்து குடியேறியவர்களின் கிராமங்களில் சைக்கிளில் சுற்றியிருக்கிறார். தகரக் கொட்டில்களில் கர்ப்பிணிகளைப் பார்ப்பார். மரக்கிளையில் தராசைக் கட்டிக் குழந்தைகளை நிறுப்பார். அங்கே நர்ஸ், மருத்துவச்சி எல்லாரும் 'மிசி'தானாம். பிறகு சான்றிதழ் உள்ளவர்கள் வேலைக்கு வந்தார்கள். அக்காவின் சான்றிதழ் எந்தப் பங்கருக்குள் மண்ணாகிப் போனதோ! உங்கள் சேவைக்கு நன்றி என்று ஒரு கூட்டம் வைத்து, மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். கணவர் போர் முடிந்த மாதத்தில் காணாமல் போனவர். பிள்ளை இல்லை. யாரோ ஏஜென்சிக்காரன் பேச்சைக் கேட்டு ஷார்ஜாவுக்கு வந்துவிட்டார்.

இங்கே அவருக்கு நாற்பது நாள் வேலை. பிள்ளை பெற்ற வீட்டில் தங்கித் தாயையும் குழந்தையையும் குளிப்பாட்டி, பத்தியம் வைத்து, குழந்தையைத் தூங்கவைக்க வேண்டும். நாற்பத்தோராம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிடுவார். வந்த இரண்டு நாளைக்குக் கை சும்மா இருக்காது, டிவி பார்க்கும்போதே தலையணையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பார். "தலவாணி தூங்கிருச்சுக்கா, எறக்கி வைங்க," என்று கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்மேல்தான் கோபம் வருகிறது. ஒருமுறை அக்கா சாமான் வாங்க வந்த நேரம், அவர் நாற்பது நாள் இருந்த வீட்டு நெய்னா முகம்மது பாயின் மனைவி நஸீஹாவும் நான் பில் போடும் சூப்பர்மார்க்கெட்டுக்கு வந்திருந்தார். அக்கா வளர்த்துக் கொடுத்த குழந்தை தள்ளுவண்டியில் இருந்தது. அக்கா குனிந்து கன்னத்தைத் தொட்டதும் அது வீறிட்டு அழுதது. அந்தக் குழந்தை என்ன செய்யும், பாவம்.

அத்தனை குழந்தைகளில் ஒருத்தி மட்டும்தான் வருடம் தவறாமல் அக்காவைத் தேடி வந்தாள், அதுவும் போட்டோவாக. பெயர் ஹர்ஷினி. பதினேழு பேரில் ஒருத்தி. அவளைப் பெற்றவள் தவமலர். பெற்ற அன்றே இறந்துபோனாள். தள்ளி வேறொரு பங்கரில் இருந்த சரசுவுக்கு அந்த வாரம்தான் கைக்குழந்தை ஷெல் விழுந்து போயிருந்தது, மார்பில் பால் கட்டியிருந்தது. அக்கா ஹர்ஷினியைக் கொண்டுபோய்ச் சரசுவின் மடியில் வைத்தார். சரசுதான் வளர்த்தாள். தான் பெற்ற பிள்ளை என்றே வளர்த்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு போட்டோ அனுப்புவாள். அக்காவின் போனில் இருந்த ஒரே குடும்பப் படம் அதுதான்.

போன வருடம் சரசுவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பள்ளிக்கூடத்தில் உத்தேச வயது என்று ஏதோ கடிதம் கொடுத்துச் சேர்த்துவிட்டார்கள். இப்போது பெரிய பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புப் பதிவு வேண்டும், பதிவுக்குப் பிரசவம் பார்த்தவரின் சத்தியக் கடிதம் வேண்டும்.

"மிசி, தாய் எண்டு என்ர பேரைப் போடுங்கோ. அவளுக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அக்கா அதை நான்கைந்து தடவை கேட்டார். அறை முழுக்கச் சரசுவின் அழுகை. எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

என் லீவு நாளில் டைப்பிங் சென்டருக்கு இரண்டுபேரும் போனோம். அங்கே டைப் செய்பவர் செய்கு அலாவுதீன், காயல்பட்டினத்துக்காரர். போகும் வழியெல்லாம் நான் ஓதிக்கொண்டே போனேன்.

"பேசாம சரசு பேரையே போடுங்கக்கா. பால் குடுத்து ஆளாக்குனவ ஆத்தா இல்லாம வேற யாரு? உண்மையச் சொல்லப் போயி, வருசத்துக்கு ஒருக்க வர்ற போட்டோவும் வராமப் போயிரும். உங்களுக்குன்னு வேற யாருக்கா இருக்கா?"

அக்கா எனக்கு முன்னால் நடந்து சென்டருக்குள் போனார். செய்கு அலாவுதீன் பிறந்த தேதி கேட்டார். "சித்திரை அஞ்சு," என்றார் அக்கா. அவர் நம்மூர் காலண்டரில் விரல்விட்டு எண்ணி ஏப்ரல் பதினெட்டு என்று அடித்துவிட்டார். நானும் சரிதானே என்று நின்றேன். அக்கா பதறிப்போய் ஏப்ரல் ஐந்து என்று திருத்தினார். அவர்கள் ஊரில் ஏப்ரல் மாதத்தையே சித்திரை என்கிறார்கள், ஒன்றாம் தேதி முதலே.

அடுத்து, "தாயார் பேரு?" என்றார்.

அக்கா மேசையைப் பார்த்தபடி நின்றார். பின்னால் ஒரு பாகிஸ்தானி, "ஜல்தி பாய்," என்றான். நான் அவனை முறைத்தேன்.

"தவமலருக்கு மரணச் சான்றிதழ் இல்ல ராதிகா," என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமலே. "குழி வெட்டித் தாட்ட இடத்தில அடையாளமும் இல்ல. அவள் இருந்தவள், ஒரு பிள்ளை பெத்தவள் எண்டு ஒரு கடதாசியிலயாவது இருக்க வேணும். நான் எழுதாட்டி ஆர் எழுதுறது?"

பிறகு எழுத்துக் கூட்டிச் சொன்னார். தாய் தவமலர். வளர்ப்புத் தாய் சரசு. கையெழுத்தை நிதானமாக அழுத்திப் போட்டார். என் கண்தான் கலங்கியது. எனக்கு அதுவும் ஒரு எரிச்சல்.

துணைத்தூதரகத்தில் முத்திரை வாங்கி, கொரியரில் அனுப்பியபின், செய்ததைச் செய்தபடியே சரசுவுக்குச் சொன்னார். பதிலுக்கு ஒரே ஒரு வரி வந்தது. "இனி எங்களோட கதைக்க வேண்டாம் மிசி." அக்கா திரும்ப அனுப்பிய எதற்கும் இரண்டாவது டிக் விழவே இல்லை. எண்ணை பிளாக் செய்துவிட்டாள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாள் நெருங்கியதால், வேறு வழியில்லாமல் அந்தக் கடிதத்தையே சரசு கொடுத்ததாகப் பிறகு ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். ஹர்ஷினிக்கு அட்டை கிடைத்தது. ஏப்ரல் ஐந்து வந்தது, போனது. போட்டோ வரவில்லை. அன்று வேலைக்குச் சேர வேண்டிய வீட்டுக்கு அக்கா போகாமல் அறையிலேயே இருந்தார். போனைச் சார்ஜில் போட்டபடியே வைத்திருந்தார். எனக்குச் சரசு மேலும் கோபம், அக்கா மேலும் கோபம்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்தோம். புது எண்ணிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. எச்சில் கையோடு அக்கா அதை அமுக்கினார்.

"மிசி, நான் ஹர்ஷினி. பதிவில பேரைப் பாத்தனான். அம்மாவைக் கேட்டா அழுறா, அதால அவவை நான் இனிக் கேக்கேல்ல. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அவ, என்னைப் பெத்தவ, என்னை ஒருக்காலாவது தூக்கினவவா?"

அக்கா எழுந்து கை கழுவினார். மைக்கை அமுக்கினார், விட்டார், அழித்தார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவைதான் குரல் வந்தது.

"ஓம் பிள்ள. தூக்கினவ. நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தவ. விடவே இல்ல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "அந்த மட்டுக்கும் நல்லதுக்கா. சாவுறதுக்கு முன்ன தூக்கியாச்சும் பாத்துருக்கா," என்றேன்.

"இல்ல ராதிகா. பிள்ளை வெளிய வர முந்தியே அவளுக்கு நினைவில்ல." அக்கா திரும்ப உட்கார்ந்து மீதிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "நான்தான் வச்சிருந்தனான். சரசுவைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் மூண்டு நாள். சீனித் தண்ணி பருக்கிக்கொண்டு, இறக்கி வைக்கவே இல்ல."

"அதச் சொல்ல வேண்டியதுதானக்கா! நாந்தான் தூக்குனேன்னு சொல்ல வேண்டியதுதான!" என்று கத்திவிட்டேன். மற்ற இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா அடுத்த கவளத்தை எடுத்தார். அதற்குள் போனில் பதில் வந்துவிட்டது. அதையும் எல்லாரும் கேட்கத்தான் போட்டார்.

"எனக்கு அது போதும் மிசி."

அந்த எண்ணிலிருந்து அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.