சத்தமில்லாத வண்டி

போத்தனூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் குறிப்பைப் படித்துக் காயத்துக்கும் அதன் காரணத்துக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது சாந்தாமணியின் வேலை. 'வண்டி மோதியது' என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். என்ன வண்டி என்று தெரியாமல் எந்த எண்ணைப் போடுவது?

அன்றைக்கும் வார்டுக்கே போய்விட்டாள். காலில் கட்டோடு படுத்திருந்தார் கருப்புசாமி.

"ஏனுங்க, எந்த வண்டிங்க இடிச்சுது?"

"பேட்டரி ஸ்கூட்டருங்க அம்மணி. பின்னால வந்ததே தெரியலீங்க. சத்தமே இல்லீங்களே!"

டாக்டரிடம் அதை எழுதி வாங்கி எண்ணைப் போட்டாள். சத்தமே இல்லை என்றதற்கு மட்டும் எண் கிடையாது.

கல்யாணமான புதிதில் கணவர் தம்பிதுரையின் மொபெட் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே வீட்டுக்குக் கேட்கும். தெருவே திட்டிய சத்தம் அது. கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அவர் கைகால் கழுவி உட்காரவும் முதல் தோசை தட்டில் விழவும் சரியாக இருக்கும். போன தை மாதம் அவரும் பேட்டரி வண்டி வாங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் திரும்பிப் பார்த்தால், சமையற்கட்டு வாசலில் அவர் நிற்கிறார். சாந்தாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நாளையிலிருந்து தெருத் திருப்பத்துல ஹாரன் அடிச்சுட்டு வாங்க!"

"அங்க ஆளே இருக்காதே சாந்தா, யாருக்கு அடிக்கறது?"

"எனக்குத்தானுங்க. கல்லு காய வேண்டாமுங்களா?"